போஸ்ட்கிரெஸில் பில்லிங் வினவல்களுக்கு முன்னுரிமை தந்து, ரிப்போர்ட் வினவல்களைக் கட்டுப்படுத்துவது எப்படி?

மருந்துக்கிடங்கு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மருந்து மொத்த விற்பனை செய்யும் ஒரு நிறுவனத்தின் தரவுத்தளத்தைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் இருக்கிறேன். போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) என்ற தரவுத்தள மென்பொருளின் 16ஆம் பதிப்பைப் பயன்படுத்துகிறோம். சர்வரில் 16 கோர்களும் 64 ஜிபி நினைவகமும் உள்ளன. பில்லிங் கவுன்டர்கள், கிடங்கில் சரக்கு எடுத்துக் கட்டுபவர்களின் கையில் இருக்கும் ஸ்கேனர்கள், கணக்குப் பிரிவின் ரிப்போர்ட்டுகள், நிர்வாக இயக்குநரின் அறையில் நாள் முழுவதும் ஓடும் விற்பனைத் திரை ஆகிய எல்லாமே இந்த ஒரு சர்வரை நம்பித்தான் இருக்கின்றன.

மாதத்தின் பெரும்பாலான நாட்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்குக் கடைசி நாளான 11ஆம் தேதியை ஒட்டியும், 3பி தாக்கலுக்கான 20ஆம் தேதியை ஒட்டியும், மாதக் கடைசியில் இருப்புக் கணக்கை முடிக்கும்போதும், கணக்குப் பிரிவினர் ஆளுக்கொரு பெரிய ரிப்போர்ட்டை ஓடவிடுகிறார்கள். வழக்கமாகப் பொத்தானை அழுத்தியதும் முடிந்துவிடுகிற பில் பதிவு அந்த நேரங்களில் பத்து, பதினைந்து விநாடிகள் வரை இழுக்கிறது. கவுன்டரில் சரக்கெடுக்க வந்த மருந்துக்கடைக்காரர்கள் காத்து நிற்கிறார்கள். அவர்களுடைய கோபம் முதலில் பில் போடும் பையன்மீதும், பிறகு என்மீதும் பாய்கிறது.

ஆரக்கிளில் பணிபுரியும் நண்பர் ஒருவர், அங்கே பயனர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் இத்தனை விழுக்காடு சிபியு என்று எழுதிவைத்துவிட்டால் போதும் என்கிறார். போஸ்ட்கிரெஸில் ஒரு பயனருக்கு உயர்ந்த முன்னுரிமையும் இன்னொருவருக்குத் தாழ்ந்த முன்னுரிமையும் கொடுக்க அப்படி ஏதேனும் வழி உண்டா? இல்லையென்றால், இதே பலனை வேறு எவ்வகையில் பெறுகிறீர்கள்? இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டுவிடுகிறேன். இயக்குநர் தம்முடைய திரைக்குத்தான் எல்லாவற்றிலும் முதலிடம் தரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். பயனர்களின் முன்னுரிமையை எந்த அடிப்படையில் நிர்ணயிப்பது சரி என்பதையும் அறிய விரும்புகிறேன்.


செல்லம்மாள்பேரன்

லினக்ஸ் சர்வர்தான் என்று நினைத்துச் சொல்கிறேன். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் ஒரு தனி ப்ராசஸை உருவாக்குகிறது. யாருடைய கனெக்ஷன் எந்த ப்ராசஸ் எண்ணில் ஓடுகிறது என்பதை பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி என்ற உள்ளமைந்த பட்டியல் காட்டிவிடும். கணக்குப் பிரிவின் லாகினில் ஓடும் ப்ராசஸ்களை மட்டும் நிமிடத்துக்கு ஒருமுறை கண்டுபிடித்து, ரீநைஸ் கட்டளையால் அவற்றின் நைஸ் மதிப்பை 10க்கோ 15க்கோ உயர்த்தும் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்றை, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் க்ரானில் போட்டுவிடுங்கள். மதிப்பு ஏற ஏற முன்னுரிமை குறையும். இதற்கு ரூட் உரிமைகூடத் தேவையில்லை; ஏற்றிய மதிப்பை மீண்டும் இறக்கத்தான் அது வேண்டும். மைஎஸ்கியூஎல் என்ற மற்றொரு தரவுத்தளத்தின் 8.0 பதிப்பில் வந்த ரிசோர்ஸ் குரூப் வசதியும், பயனர் த்ரெட்டுகளுக்கு 0 முதல் 19 வரை ஒரு முன்னுரிமை எண்ணைக் கொடுத்து, இயங்குதளத்திடம் இதே வேலையைத்தான் ஒப்படைக்கிறது. ஆகவே இதை ஒரு ஒட்டுவேலை என்று ஒதுக்க வேண்டியதில்லை.


நள்ளிரவு டிபிஏ

செல்லம்மாள்பேரன் சொல்லும் வழி நடக்கக்கூடியதுதான் என்றாலும், உங்கள் சூழலில் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நைஸ் மதிப்பு சிபியுவை மட்டுமே பங்கிடுகிறது. அதுவும், சிபியுவுக்குப் போட்டி இருக்கும்போது மட்டுமே. வட்டிலிருந்து படிப்பதற்காகவோ, வேறொரு வினவல் தரவின்மீது போட்ட பூட்டுக்காகவோ பில்லிங் காத்திருக்கிறது என்றால், ரிப்போர்ட்டின் நைஸ் மதிப்பை 19 வரை உயர்த்தினாலும் கவுன்டரில் ஒரு விநாடிகூடக் குறையாது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மெதுவாக்கப்பட்ட வினவல், தான் பிடித்திருப்பவற்றை அதிக நேரம் பிடித்துக்கொண்டிருக்கும். பூட்டுகள், நினைவகம், ஸ்னாப்ஷாட் (வினவல் தொடங்கிய கணத்தில் தரவு இருந்த நிலை) எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தாழ்ந்த முன்னுரிமையுள்ள ஒரு ப்ராசஸ், அட்டவணையின் ஒரு வரிசையை (ஒரு பதிவை) பூட்டிவைத்த நிலையில் சிபியு கிடைக்காமல் நிற்கிறது. அதே வரிசைக்காக உயர்ந்த முன்னுரிமையுள்ள பில்லிங் காத்திருக்கிறது. இடைப்பட்ட முன்னுரிமையுள்ள மற்ற வேலைகளோ சிபியுவைத் தின்றுகொண்டிருக்கின்றன. இப்போது உண்மையில் கடைசி இடத்தில் இருப்பது பில்லிங்தான். 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி மீண்டும் மீண்டும் ரீசெட் ஆனதற்கு இதே முன்னுரிமைத் தலைகீழ்தான் காரணம். அதன் இயங்குதளத்தில், பூட்டு வைத்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாக ஏற்றித்தரும் வசதி இருந்தது. அதைப் பூமியிலிருந்தே இயக்கிச் சரிசெய்தார்கள். போஸ்ட்கிரெஸின் பூட்டுகளுக்கு அந்த வசதி கிடையாது.

ஸ்னாப்ஷாட் விஷயத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். மருந்துத் தொழிலில் இருப்பு பேட்ச் வாரியாகத்தான் வைக்கப்படும். ஆகவே, அன்றாடம் அதிகம் விற்கும் ஒரு காய்ச்சல் மாத்திரையின் ஒரே பேட்ச் வரிசை, ஒவ்வொரு பில்லிலும் ஒருமுறை அப்டேட் ஆகும் என்று வைத்துக்கொள்கிறேன். போஸ்ட்கிரெஸ் பழைய வரிசையை அழித்து எழுதுவதில்லை. புதிய பிரதி ஒன்றை எழுதிவிட்டு, பழையதைப் பிறகு வேக்யூம் என்ற துப்புரவு வேலை அகற்றட்டும் என்று விட்டுவைக்கிறது. நாற்பது நிமிடம் ஓடும் ஒரு ரிப்போர்ட் நடுவில் இருந்தால், அது தொடங்கிய பிறகு உருவான பழைய பிரதிகள் எதையும் வேக்யூமால் அகற்ற முடியாது. ஏனெனில், அந்த ரிப்போர்ட் அவற்றைப் பார்க்க நேரலாம் என்றே போஸ்ட்கிரெஸ் கருத வேண்டியிருக்கிறது. அந்த ரிப்போர்ட் இருப்பு அட்டவணையைத் தொடவே இல்லை என்றாலும் நிலைமை இதுதான். பில்லிங் வினவல் ஒவ்வொன்றும் இண்டெக்ஸ் வழியாக வந்து, இந்தச் செத்த பிரதிகளைத் தாண்டித் தாண்டி, உயிருள்ள ஒன்றைத் தேடிப் பிடிக்கிறது. ரீநைஸ் போட்டு அந்த நாற்பது நிமிடத்தை எண்பதாக்கினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எனவே என் கருத்து இது. உள்ளே வந்துவிட்ட வினவலைத் தளர நடக்கவைப்பதைவிட, எத்தனை வினவல்கள் ஒரே நேரத்தில் உள்ளே வரலாம் என்பதை வாசலிலேயே கட்டுப்படுத்தி, வந்ததை முழு வேகத்தில் முடித்து அனுப்பிவிடுவதுதான் போஸ்ட்கிரெஸுக்குப் பொருந்தும். மருத்துவமனையில் டோக்கன் கொடுத்து வெளியே உட்காரவைப்பதைப் போன்றது. இதற்கு, கனெக்ஷன்களை இடையில் நின்று பகிர்ந்துதரும் பிஜிபவுன்சர் என்ற மென்பொருள் போதும். அதன் அமைப்புக் கோப்பின் டேட்டாபேஸ் பகுதியில், ஒரே உண்மையான தரவுத்தளத்துக்கு இரண்டு புனைபெயர்கள் கொடுங்கள். பில்லிங்குக்கான பெயரில் பூல் அளவு (ஒரே நேரத்தில் திறக்கும் கனெக்ஷன்களின் எண்ணிக்கை) 20 என்றும், ரிப்போர்ட்டுக்கான பெயரில் 3 என்றும் வைத்துக்கொள்ளலாம். பூல் என்பது தரவுத்தளப் பெயர், பயனர் பெயர் என்ற இணைக்கு ஒன்றாக உருவாகும் என்பதால், ரிப்போர்ட் பக்கம் எல்லோரும் ஒரே லாகினில் வரவேண்டும். இல்லாவிட்டால் ஆளுக்கு மூன்று என்று பெருகிவிடும். நான்காவது ரிப்போர்ட் பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் வரிசையில் காத்திருக்கும். ஆனால், அப்படிக் காத்திருப்பதற்கான உச்சவரம்பு இயல்பாக 120 விநாடிகள்தான். க்வெரி வெயிட் டைம்அவுட் என்ற அந்த அமைப்பை உயர்த்தாவிட்டால், இரண்டு நிமிடத்தில் கனெக்ஷன் துண்டிக்கப்பட்டு, கணக்குப் பிரிவிலிருந்து தொலைபேசி வரும். போஸ்ட்கிரெஸிலேயே ஒரு ரோலுக்கு (பயனர் கணக்குக்கு) கனெக்ஷன் லிமிட் வைக்கலாம். ஆனால், அது வரிசையில் நிறுத்தாது, முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிடும்.

இதோடு, ரிப்போர்ட் ரோலுக்கு ஆல்டர் ரோல் கட்டளை மூலம் மேக்ஸ் பேரலல் வொர்க்கர்ஸ் பெர் கேதர் என்பதை 0 ஆக்கிவிடுங்கள். இயல்பு மதிப்பு 2. அதாவது, ஒரு ரிப்போர்ட் தன்னையும் சேர்த்து மூன்று ப்ராசஸ்களாக விரியலாம். 0 ஆக்கிவிட்டால் ஒரு ரிப்போர்ட்டுக்கு ஒரு கோர். மூன்று ரிப்போர்ட்டுகளுக்கு மூன்று கோர். மீதிப் பதின்மூன்றை எந்த ரிப்போர்ட்டும் தொட முடியாது. உங்கள் நண்பர் சொன்ன சிபியு விழுக்காடு, வேறு பெயரில் இங்கே கிடைத்துவிடுகிறது.

நினைவகத்திலும் இதனால் ஒரு லாபம் உண்டு. வொர்க் மெம் என்ற நினைவக அமைப்பு ஒரு வினவலுக்கான அளவு அல்ல. வினவலுக்குள் இருக்கும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஹேஷுக்கும், ஒவ்வொரு ப்ராசஸிலும் தனித்தனியான அளவு. நான்கு சார்ட்டுகள் கொண்ட ஒரு ரிப்போர்ட்டுக்கு 256 எம்பி கொடுத்து, அது மூன்று ப்ராசஸ்களாகவும் ஓடினால், 3 ஜிபி வரை போகலாம். பேரலல் இல்லாவிட்டால் அதுவே 1 ஜிபி. ஹேஷ்களுக்கு 15ஆம் பதிப்பிலிருந்து இயல்பாகவே இரட்டிப்பு அளவு உண்டு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் வராது என்ற உறுதி இருப்பதால்தான் 256 எம்பி என்று தாராளமாகக் கொடுக்க முடிகிறது; ரிப்போர்ட்டும் தற்காலிகக் கோப்பில் எழுதி எழுதி வட்டை வதைக்காமல் விரைவாக முடியும். பில்லிங் ரோலுக்கு இயல்பான 4 எம்பியே போதும்.

ஆல்டர் ரோல் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். குழு ரோலுக்குக் கொடுத்த அமைப்புகள் அதன் உறுப்பினர்களுக்குப் போய்ச் சேராது. எந்த ரோலில் லாகின் செய்கிறார்களோ அதற்கே கொடுக்க வேண்டும். அடுத்து, ஸ்டேட்மென்ட் டைம்அவுட் (ஒரு வினவல் ஓடக்கூடிய உச்ச நேரம்), வொர்க் மெம் போன்றவற்றை விவரம் தெரிந்த பயனர் தம்முடைய செஷனில் தாமே மாற்றிக்கொள்ளலாம். டெம்ப் ஃபைல் லிமிட் (தற்காலிகக் கோப்புகளின் உச்ச அளவு) மட்டும் அப்படியல்ல; சூப்பர்யூசரோ, அவர் தனியாக உரிமை கொடுத்தவரோதான் மாற்ற முடியும்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்பு, மந்தமான நேரத்தில் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் வெயிட் ஈவென்ட் பத்திகளைப் பார்த்து, பில்லிங் எதற்காகக் காத்திருக்கிறது என்று எழுதுங்கள். அது தெரியாமல் பேசினால் நாங்கள் எல்லோரும் ஊகித்துக்கொண்டுதான் இருப்போம்.


வடகரையான்

ஆரக்கிளிலும் எஸ்கியூஎல் சர்வரிலும் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். உங்கள் நண்பர் சொன்னது சரிதான். ஆனால், அது பாதிதான்.

ஆரக்கிளின் டேட்டாபேஸ் ரிசோர்ஸ் மேனேஜர் 8ஐ பதிப்பிலேயே வந்துவிட்டது. என்டர்பிரைஸ் பதிப்பு வாங்கியவர்களுக்கே அது கிடைக்கும். செஷன்களை கன்ஸ்யூமர் குரூப்புகளாகப் பிரித்து, ஒரு பிளானின் கீழ் ஒவ்வொன்றுக்கும் பங்கு எழுதலாம். எழுதிய பங்கு, சிபியு நிரம்பி வழியும்போதுதான் செயல்படும். மற்ற நேரங்களில் 10 விழுக்காடு என்று எழுதப்பட்ட குழுவும், மற்றவர்கள் சும்மா இருந்தால் முழு இயந்திரத்தையும் எடுத்துக்கொள்ளும். புதிதாக வருபவர்கள் பலரும் இதை உச்சவரம்பு என்று எண்ணிக்கொண்டு, அமைப்பு வேலை செய்யவில்லை என்று புகார் எழுதுவார்கள். உச்சவரம்பு வேண்டுமென்றால் அதற்குத் தனி அமைப்பு இருக்கிறது.

நடைமுறையில் அங்கேயும் அதிகம் கைகொடுப்பது விழுக்காடு அல்ல. ஒரு குழுவில் ஒரே நேரத்தில் இத்தனை செஷன்கள்தான் செயலில் இருக்கலாம், மற்றவை வரிசையில் நிற்கட்டும் என்று சொல்லும் ஆக்டிவ் செஷன் பூலும், குறிப்பிட்ட நேரத்தைத் தாண்டிய வினவலைத் தாழ்ந்த குழுவுக்கு மாற்றுவதோ ரத்து செய்வதோதான் கைகொடுக்கும். ஓடத் தொடங்குவதற்கு முன்பே, மதிப்பிடப்பட்ட நேரம் வரம்பை மீறினால் வினவலை மறுத்துவிடும் வசதியும் உண்டு. ஆப்டிமைசரின் (வினவலை ஓட்டும் வழியைத் திட்டமிடும் பகுதியின்) மதிப்பீட்டை எவ்வளவு நம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து அதைப் பயன்படுத்துங்கள். நான் நம்புவதில்லை. ஆக, நள்ளிரவு டிபிஏ சொல்லும் வாசல் கட்டுப்பாடு, வசதி இல்லாததால் செய்துகொள்ளும் சமரசம் அல்ல. வசதி இருக்கும் இடத்திலும் நாங்கள் அதைத்தான் செய்கிறோம். பகலுக்கு ஒரு பிளான், இரவுக்கு ஒரு பிளான் என்று நேரப்படி தானாக மாறச் செய்ய முடிவது மட்டும் ஆரக்கிளின் தனிச்சிறப்பு. போஸ்ட்கிரெஸ் பக்கம், பிஜிபவுன்சரின் கோப்பை இரவில் மாற்றி ரீலோட் கொடுத்து அதற்கு ஈடு செய்யலாம்.

எஸ்கியூஎல் சர்வரின் ரிசோர்ஸ் கவர்னர் 2008 பதிப்பில் வந்தது. வட்டின் மீதான கட்டுப்பாடு 2014இல்தான் சேர்ந்தது. அங்கே ஒவ்வொரு லாகினின்போதும் ஒரு கிளாசிஃபையர் ஃபங்ஷன் ஓடி, அந்த செஷன் எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று முடிவெடுக்கும். அந்த ஃபங்ஷனுக்குள் கனமான வினவல் ஒன்றை எழுதிவிட்டால் ஒருவராலும் லாகின் செய்ய முடியாது. நிர்வாகிக்கான டெடிகேட்டட் கனெக்ஷன் மட்டும் அந்த வகைப்படுத்தலுக்கு அப்பாற்பட்டது என்பதால்தான் தப்பிக்க முடிகிறது.

மைஎஸ்கியூஎல் பேச்சு வந்ததால் ஒரு சிறு குறிப்பு: அங்கே வினவலிலேயே எழுதக்கூடிய லோ பிரயாரிட்டி, ஹை பிரயாரிட்டி என்ற சொற்கள், மைஐசம் போன்று அட்டவணை முழுவதையும் பூட்டும் எஞ்சின்களுக்கு மட்டுமே பொருந்தும். இன்னோடிபியில் அவற்றை எழுதினால் பிழையும் வராது, பலனும் வராது.

பயனர்களைப் பற்றி உங்கள் கேள்விக்கு என் பதில்: முன்னுரிமையை ஆளுக்குக் கொடுக்காமல் வேலைக்குக் கொடுங்கள். ஒரே கணக்காளர், வாடிக்கையாளர் ஒருவர் எதிரில் நிற்கும்போது அவருடைய நிலுவையைப் பார்ப்பதும், மாலையில் முழு மாதத்து ரிப்போர்ட்டை எடுப்பதும் இருவேறு வேலைகள். முதலாவது பில்லிங் பக்கம் சேர வேண்டியது. இயக்குநரின் திரை சில விநாடிகளுக்கு ஒருமுறை மாதம் முழுவதற்குமான பில்களைக் கூட்டிக்கொண்டிருந்தால், அதற்கு முதலிடம் கொடுப்பது என்பது, கவுன்டரைப் பின்னுக்குத் தள்ளுங்கள் என்று அவர் வாயாலேயே சொல்வதற்குச் சமம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் மெட்டீரியலைஸ்டு வியூ (முன்பே கணக்கிட்டுச் சேமித்த விடை) ஒன்றிலிருந்து அந்தத் திரை படிக்கட்டும். திரையும் சட்டென்று வரும், அவருக்கும் முதலிடம் கிடைத்ததாகவே தோன்றும்.


மருந்துக்கிடங்கு

மூவருக்கும் மிக்க நன்றி. நள்ளிரவு டிபிஏ கேட்டபடி மந்தமான நேரங்களில் பார்த்தேன். சிபியு எந்த நேரத்திலும் நிரம்பவில்லை; பாதியைச் சற்றுத் தாண்டியே நிற்கிறது. ஆகவே ரீநைஸ் திட்டத்தைக் கைவிட்டுவிட்டேன்.

ஜிஎஸ்டி ரிப்போர்ட்டுகள் ஓடும் நாட்களில், பில்லிங் வினவல்கள் பெரும்பாலும் ஐஓ என்ற வகையில், டேட்டா ஃபைல் ரீட் என்ற நிகழ்வுக்காகக் காத்திருக்கின்றன. அப்போது இருப்பு அட்டவணையில் உயிருள்ள வரிசைகள் ஏறத்தாழ 60 ஆயிரம். செத்த வரிசைகளோ 9 லட்சத்துக்கும் மேல். வேக்யூம் வெர்போஸ் கொடுத்துப் பார்த்தால், செத்துவிட்டன, ஆனால் இன்னும் அகற்ற முடியவில்லை என்ற செய்தியுடன் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை வருகிறது. நீங்கள் சொன்ன காய்ச்சல் மாத்திரைக் கதை அப்படியே எங்கள் கிடங்கில் நடக்கிறது.

மாதக் கடைசியில் காண்பது வேறு. இருப்பு முடிக்கும் ப்ரொசீஜர் ஓடும்போது, பில்லிங் வினவல்கள் லாக் என்ற வகையில், ட்ரான்சாக்ஷன் ஐடிக்காக வரிசையாக நிற்கின்றன. திறந்து பார்த்ததில், அந்த ப்ரொசீஜர் இருப்பு அட்டவணையின் ஒவ்வொரு வரிசையிலும் அந்த மாதத்தின் முடிவிருப்பை எழுதுகிறது. எல்லாவற்றையும் ஒரே ட்ரான்சாக்ஷனில் (பிரிக்க முடியாத ஒரே மாற்றத்தொகுதியாக) செய்து, கடைசியில்தான் கமிட் செய்கிறது (மாற்றங்களை உறுதிசெய்கிறது). இதையும் பிஜிபவுன்சரின் சிறிய பூலுக்குள் அனுப்பினால் தீர்வு கிடைக்குமா?


நள்ளிரவு டிபிஏ

கிடைக்காது. பூலில் அது ஒற்றை ஆளாக ஓடினாலும் எல்லா வரிசைகளையும் பூட்டிவிடும். உங்களிடம் இருப்பவை இரண்டு தனித்தனி நோய்கள், மருந்தும் தனித்தனிதான்.

முதலில் ஜிஎஸ்டி நாட்கள். மூன்று பேர் என்ற வரம்பு நிச்சயம் உதவும். ஆனால், நீண்ட நேரம் ஓடும் ஒரே ஒரு ரிப்போர்ட்கூட வேக்யூமைத் தடுத்துவிடும் என்பதால், அந்த ரிப்போர்ட்டுகளை ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன் மூலம் மாற்றங்களைத் தொடர்ந்து பெற்று நகலாக இயங்கும் ஒரு ஸ்டாண்ட்பை சர்வருக்கு நகர்த்துவதே முழுத்தீர்வு. முடிந்துபோன மாதத்தின் ரிப்போர்ட்டுக்கு, தரவு அரை மணி நேரம் பின்தங்கியிருந்தாலும் கேடில்லை. அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பிரைமரியில் (மூல சர்வரில்) வேக்யூம் அகற்றிய வரிசைகளை ஸ்டாண்ட்பையில் ஓடும் ரிப்போர்ட் இன்னும் பார்க்கவேண்டியிருந்தால், ஸ்டாண்ட்பை இயல்பாக 30 விநாடிகள் வரைதான் பொறுக்கும். பிறகு, ரெக்கவரியுடன் முரண்படுகிறது என்று சொல்லி ரிப்போர்ட்டை ரத்து செய்துவிடும். இணையத்தில் தேடினால், ஹாட் ஸ்டாண்ட்பை ஃபீட்பேக்கை ஆன் செய்யுங்கள் என்ற அறிவுரைதான் முதலில் கிடைக்கும். உங்கள் விஷயத்தில் அது கூடாது. அதை ஆன் செய்தால், ஸ்டாண்ட்பையின் ரிப்போர்ட் தனக்குத் தேவையான பழைய வரிசைகளைப் பற்றி பிரைமரிக்குத் தெரிவிக்கும்; பிரைமரியின் வேக்யூம் மீண்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அதை ஆஃபிலேயே விட்டுவிட்டு, மேக்ஸ் ஸ்டாண்ட்பை ஸ்ட்ரீமிங் டிலே என்பதை உங்கள் மிக நீண்ட ரிப்போர்ட்டைவிடச் சற்றுக் கூடுதலாக, ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். ரிப்போர்ட் ஓடும்போது ஸ்டாண்ட்பை பின்தங்கும், முடிந்ததும் ஓடிப் பிடித்துவிடும். ஆனால், அதே சர்வரை அவசரத்துக்கான மாற்று சர்வராகவும் நம்பியிருக்காதீர்கள். அதற்கு வேறொன்று வேண்டும்.

இரண்டாவது சர்வருக்குப் பணம் ஒதுக்கப்படும் வரை, ரிப்போர்ட் ரோலுக்கு ஸ்டேட்மென்ட் டைம்அவுட்டாக 15 நிமிடம் வைத்து, மாதம் முழுவதையும் ஒரே வினவலில் எடுக்கும் ரிப்போர்ட்டுகளை வாரம் வாரமாகப் பிரித்து எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் தனி வினவலாக முடிந்தால், நடுநடுவே வேக்யூமுக்கு வழி கிடைக்கும். அவற்றை ஒரே ட்ரான்சாக்ஷனுக்குள், ரிப்பீட்டபிள் ரீடில் (முழுவதற்கும் ஒரே ஸ்னாப்ஷாட் பிடிக்கும் முறையில்) ஓட்டினால் பிரித்ததற்குப் பயனே இல்லை.

இருப்பு முடிக்கும் ப்ரொசீஜரைப் பொறுத்தவரை, வரிசைகளை ஐநூறு ஐநூறாக எடுத்து, ஒவ்வொரு தொகுதிக்கும் கமிட் செய்வது வழக்கமான வழி. எடுக்கும்போது ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்டு என்று எழுதினால், அந்த நொடியில் பில்லிங் பிடித்திருக்கும் பேட்சுகளை அது தாண்டிப்போய்விடும். விட்டுப்போனவற்றை அடுத்த சுற்றில் எடுத்துக்கொள்ளலாம். 9.5 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. யார் வழிவிட வேண்டும் என்பதை வினவலிலேயே எழுதிவைக்கும் முறை இது.


கணக்குப்பிள்ளை

கணினிப் பக்கம் எனக்கு ஓரளவுதான் தெரியும். இருபுறமும் உட்கார்ந்தவன் என்பதால் குறுக்கிடுகிறேன். ஐநூறு ஐநூறாகப் பிரித்து முடிப்பதில் கணக்கியல் சிக்கல் ஒன்று இருக்கிறது. முதல் தொகுதி நான்கு மணிக்கும் கடைசித் தொகுதி நான்கரைக்கும் முடிந்தால், இடையில் போடப்பட்ட பில்கள் சில பேட்சுகளில் கழிந்தும், சில பேட்சுகளில் கழியாமலும் முடிவிருப்பு பதிவாகும். அந்த இருப்பின் மொத்த மதிப்பு விற்பனைப் பதிவேட்டோடு ஒத்துப்போகாது; தணிக்கையாளர் கேட்கும்போது விளக்கம் சொல்ல முடியாமல் நிற்பது நாங்கள்தான். பழைய ப்ரொசீஜர் கவுன்டரை நிறுத்திவைத்தது என்றாலும், எல்லா வரிசைகளுக்கும் ஒரே கணத்து இருப்பைக் கொடுத்தது. ரிப்போர்ட் தாமதமாக வருவதை நாங்கள் பொறுத்துக்கொள்வோம். வரிசையில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறோம் என்று ஒரு திரையில் காட்டினால் போதும், யாரும் பொறுமையிழந்து அதே பொத்தானை மறுபடி மறுபடி அழுத்த மாட்டார்கள். ஆனால், எண் பிசகக் கூடாது.


நள்ளிரவு டிபிஏ

கணக்குப்பிள்ளை ஐயா சொல்வது நியாயம். அவருடைய தேவைக்கு, தொகுதி தொகுதியாகப் பிரிப்பதைவிட நேரான வழி ஒன்று உண்டு. முடிவிருப்பை இருப்பு அட்டவணையின் வரிசைகளிலேயே எழுதவேண்டிய அவசியம் என்ன? மாதம், பேட்ச், அளவு, மதிப்பு என்ற பத்திகளோடு தனியாக ஒரு மாத முடிவு அட்டவணையை உருவாக்கி, இருப்பு அட்டவணையிலிருந்து செலக்ட் செய்து அதில் இன்சர்ட் செய்யும் ஒரே கட்டளையாக ப்ரொசீஜரை மாற்றி எழுதுங்கள். ஒரே கட்டளை என்பதால் ஒரே ஸ்னாப்ஷாட். அவர் கேட்கும் ஒரே கணத்து இருப்பு கிடைத்துவிடும். செலக்ட் மட்டுமே செய்வதால் பேட்ச் வரிசைகள்மீது பூட்டு விழாது; பில்லிங் தன்பாட்டுக்கு ஓடும். 60 ஆயிரம் வரிசைகளுக்கு இது வெகுநேரம் ஓடும் வேலையும் அல்ல. அதன்பின் இந்த ப்ரொசீஜருக்கு எந்த முன்னுரிமை கொடுப்பது என்ற கேள்வியே எழாது.

காத்திருப்பு வரிசையைத் திரையில் காட்டும் யோசனையையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிஜிபவுன்சரின் நிர்வாகக் கன்சோலில் ஷோ பூல்ஸ் என்று கேட்டால், ஒவ்வொரு பூலிலும் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், முன்னால் நிற்பவர் எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்பவை வந்துவிடும். தனி ஒருவரின் இடம் அதில் தெரியாது. ஆனால், "உங்களையும் சேர்த்து நான்கு பேர் காத்திருக்கிறீர்கள்" என்ற அளவுக்குச் சொல்ல அதுவே போதும்.

புதிய அட்டவணையில் பேட்ச் எண்ணுக்கு ஃபாரின் கீ (அந்த எண் இருப்பு அட்டவணையில் உள்ளதா என்று சரிபார்க்கும் விதி) வைக்கலாமா என்ற ஐயம் அடுத்து வரும் என்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன். வைக்கலாம். ஃபாரின் கீ சரிபார்ப்பு இருப்பு வரிசையின்மீது ஃபார் கீ ஷேர் என்ற மிக மெலிந்த பூட்டைப் போடும். கீ பத்தியைத் தொடாமல் அளவை மட்டும் மாற்றும் அப்டேட்டோடு அது மோதாது. பில்லிங் மாற்றுவது அளவை மட்டும்தானா, அல்லது உங்கள் மென்பொருள் ஒவ்வொரு அப்டேட்டிலும் பேட்ச் எண்ணையும் சேர்த்து எழுதுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதே மதிப்பையே மறுபடி எழுதினால் போஸ்ட்கிரெஸ் அதைக் கீ மாற்றமாகக் கொள்ளாது. உண்மையிலேயே பேட்ச் எண்ணைத் திருத்தும் பில்கள் இருந்தால், அவை மட்டும் அந்த இன்சர்ட் முடியும் வரை காத்திருக்கும்.